படத்திற்கும் பூட்டா?

தஞ்சை சரஸ்வதி மகாலில் ஓலையும் காகிதமுமாக 40,000-க்கு மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. அரண்மனைச் சொத்தாக இருந்த அப்புத்தகசாலை 1918-ல்தான் பொது ஜனங்களுக்கு உரியதாயிற்று. அதற்கு முன் ஒரு பண்ணையாளின் மகன் அதன் வாசற்படியையாவது மிதித்திருக்க முடியுமா?

இப்பொழுது சுவடிகளைப் படமெடுத்து இணையத்தில் வைப்பதென்பது உலகெங்கும் நடக்கும் காரியம். ஆனால் படமெடுத்த பின்பும், “பெரிய படம் எங்களிடம் பத்திரமாயிருக்கட்டும், உங்களுக்குச் சின்னப் படம் போதும்” என்கின்ற கனவான்கள் உண்டு. எழுத்தே தெரியாத படத்தைக் காட்டுவதற்கும், கதவைச் சாத்திவிட்டுச் சாவித் துவாரத்தைக் காட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

காரணம் கேட்டால், படம் கனமானது, பட்டிக்காட்டான் கைப்பேசி தாங்காது என்கின்றார்கள். இது சுத்தப் புரட்டு. ஓரடி நீள ஓலையை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் எடுத்தால் நீளவாக்கில் 7,200 புள்ளிகள் ஆகும், வாஸ்தவம். அதை முழுதாக அனுப்பச் சொன்னது யார்? படத்தைப் பல அளவுகளில் சிறு சிறு சதுரங்களாக முன்னமே வெட்டி வைத்துவிட்டால், பார்ப்பவர் எந்த இடத்தைப் பெரிதாக்குகின்றாரோ அந்த இடத்துச் சதுரங்கள் மட்டுமே அவர் கைக்கு வரும். ஒரு மரக்கால் நெல் கேட்டவனுக்குக் குதிரையே பெயர்த்துக் கொடுப்பார்களா? மேல்நாட்டு நூலகங்கள் 2011 முதற்கொண்டு இதற்கென ஒரு பொது முறையே வகுத்திருக்கின்றன. வெட்டிய சதுரங்களை மேகச் சேமிப்பில் போட்டுவிட்டால், வைத்திருக்கும் அளவிற்கும் வெளியே போகும் அளவிற்குமே வாடகை. (மேகம் என்றதும் வருண பகவானை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கோ ஒரு கம்பெனிக் கட்டடத்தில் கரண்டு தின்னும் கணினிகள்தான். ஆகவே மூலப் படத்திற்கு வேறிடத்திலும் ஒரு நகல் வேண்டும்.)

வெளியிட்டால் திருட்டுப் போகுமாம்! கொள்ளிடத்திற்கு வடக்கே ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சிலை திருடப்பட்டு, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திற்கு விற்கப்பட்டது. நடராஜர் தம் ஊர் எதுவென்று வாய் திறந்து சொல்லவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-ல் எடுத்து வைத்த போட்டோதான் சொல்லிற்று. 2014-ல் சிலை திரும்பி வந்தது. அந்தப் போட்டோ எல்லோரும் உற்றுப் பார்க்கும்படி முன்னமே வெளியில் இருந்திருந்தால், விலை பேசும்போதே எவனாவது ஒருவன் கண்டு சொல்லியிருக்க மாட்டானா?

வரிப்பணத்தில் எடுக்கும் ஒவ்வொரு படமும் எடுத்த அளவிலேயே, கட்டணமின்றி, மன்னார்குடிப் பையனுக்கும் கிடைக்க வேண்டும். சர்க்கார் இனிப் படமெடுக்கப் பணம் ஒதுக்கும்போது இதை முதல் நிபந்தனையாக எழுதட்டும்.