மறதியும் மரபணுவும்

தலையெழுத்து என்று சொல்லிவந்த இடத்தில் இன்று மரபணு என்று சொல்லப் பழகிவிட்டோம். முதுமை மறதி நோயைப் பொறுத்தவரை இது சரிதானா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஏபிஓஇ மரபணுவின் நான்காம் வடிவம் அல்சைமர் அபாயத்தைக் கூட்டுகிறது என்று 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதைத் தொடர்ந்து வந்த அபாயக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போடப்பட்டவை. நைஜீரியாவின் இபாதான் நகரத்து யோருபா மக்களிடம் இவ்வடிவம் பரவலாக உண்டு, நோயோ குறைவு. 2001இல் வெளியான ஆய்வின்படி, முதியோரிடையே ஆண்டுதோறும் புதிதாக அல்சைமர் தோன்றும் விகிதம் அங்கே 1.15%, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்துக் கறுப்பினத்தவரிடையே 2.52%. அம்மரபணுவைச் சூழ்ந்த பகுதி ஆப்பிரிக்க மூதாதையர் வழி வந்ததாயின் அபாயம் தணிகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு கூறியது. கிழக்காசியரிடமோ அதன் தாக்கம் வலுவாகவே காணப்படுகிறது.

இதைக் கொண்டு இனத்துக்கொரு சூத்திரம் கட்டிவிடவும் கூடாது. அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பின முதியோரே இந்நோய்க்கு அதிகம் ஆளாகிறார்கள். மரபணு காட்டிய சலுகையைச் சமூகம் காட்டவில்லை. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வறுமை, மறுக்கப்பட்ட கல்வி ஆகியவை குரோமோசோமில் மட்டுமே எழுதப்பட்டவை அல்ல.

ஒரு மக்களை அளந்த கோலால் உலகையே அளப்பது அறிவியல் ஆகாது. மரபணுச் சோதனையின் முடிவைக் கையில் வாங்கும்போது, அஞ்சுவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த எண் யாரை வைத்துக் கணக்கிடப்பட்டது?