மெஜாரிட்டி கிடைத்தது, மசோதா என்னாயிற்று?

ஒரு கட்சிக்கு மெஜாரிட்டி கிடைத்துவிட்டால் ஏழைகளின் குறை தானே தீரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2021-ம் வருஷம் நடந்ததை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வருஷம் ஜனவரியில் ஜனாதிபதி பதவி, பிரதிநிதிகள் சபை, செனட் சபை மூன்றும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. ஆனால் செனட்டில் 50-க்கு 50. உதவி ஜனாதிபதி கமலா ஹாரிஸின் ஓட்டுதான் தராசைச் சாய்த்தது. சொந்தக் கட்சியில் ஒருவர் முறைத்துக்கொண்டாலும் மசோதா கவிழும் என்ற நிலை.

அது மட்டுமல்ல. செனட்டில் எதிர்ப்பவர்கள் விவாதத்தை இழுத்தடித்தால், அதை முடித்துவைக்க 60 ஓட்டு வேண்டும். வரவு செலவு சம்பந்தமான மசோதாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்குச் சாதாரண மெஜாரிட்டி போதும். ஆகவே ஏழைகளுக்கான அம்சங்களையெல்லாம் அந்த ஒரே வண்டியில் ஏற்றினார்கள்.

பிப்ரவரியிலேயே முதல் அடி விழுந்தது. 2009 முதல் 7.25 டாலராக நின்றுபோன குறைந்தபட்ச மணிக்கூலியை 15 டாலராக்கும் ஷரத்துக்கு இந்த மசோதாவில் இடமில்லை என்றார் சபை விதி அதிகாரி. அந்தத் தடையைத் தாண்ட நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 42, எதிர்ப்பு 58. எதிர்த்தவர்களில் 8 பேர் ஜனநாயகக் கட்சியின் அணியைச் சேர்ந்தவர்கள்!

பிறகு இரண்டு மசோதாக்கள் வந்தன. ஒன்று, சாலை, பாலம், ரயில் பாதைக்கான 1.2 லட்சம் கோடி டாலர் மசோதா. கம்பெனிகளுக்கும் அதில் கசப்பில்லை. ஆகஸ்டில் செனட்டில் 69-30 என்று நிறைவேறியது. மற்றது, குழந்தைகள் உதவித்தொகை, சம்பளத்துடன் விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு 3.5 லட்சம் கோடி டாலர் கேட்ட மசோதா. இங்கேதான் கட்சி இரண்டுபட்டது. வலதுசாரிகள், "சாலை மசோதாவை உடனே முடியுங்கள்" என்றார்கள். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் தலைமையிலான முற்போக்கு அணியினர், "இரண்டும் சேர்ந்தே போக வேண்டும், இல்லையேல் எங்கள் ஓட்டு இல்லை" என்று நின்றார்கள். செப்டம்பர் 30-ல் நடக்கவிருந்த வாக்கெடுப்பே நின்றுபோயிற்று.

ஆனால் பிடி தளர்ந்தது. வலதுசாரிகளில் சிலர் எழுதிக்கொடுத்த வாக்குறுதியை நம்பி, நவம்பர் 5-ந் தேதி சாலை மசோதாவை விட்டுவிட்டார்கள். 228-206 என்று அது நிறைவேறியது. கடைசிவரை "கூடாது" என்று நின்ற ஜனநாயகக் கட்சியினர் 6 பேர்தான். "வேலைப்பளு ஒப்பந்தத்தில் இன்று கையெழுத்துப் போடு, போனஸை நாளை பேசலாம்" என்று மானேஜர் சொன்னால் என்ன நடக்கும் என்பது மில் தொழிலாளிக்குத் தெரியும்.

அதுவேதான் நடந்தது. சுருக்கப்பட்ட சமூக மசோதா நவம்பர் 19-ல் பிரதிநிதிகள் சபையில் 220-213 என்று தேறியது. ஆனால் டிசம்பர் 19-ல் செனட்டர் ஜோ மான்சின் டெலிவிஷனில் தோன்றி, "என் ஓட்டு இல்லை" என்று கைவிரித்தார். அவர் மேற்கு வர்ஜீனியாக்காரர். குடும்பமே நிலக்கரி வியாபாரத்தில் சம்பாதித்தது. மறுநாளே சுரங்கத் தொழிலாளர் சங்கம் அவரை மனம் மாறும்படி கேட்டது. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கருகிய தொழிலாளிகளுக்கான நிதியும் அந்த மசோதாவில் இருந்ததே! ஒரே கட்சி, ஒரே நிலக்கரி. ஆனால் லாபம் ஒருவருக்கு, நோய் இன்னொருவருக்கு. பிளவின் வேர் அங்கேதான்.

ஜூலை முதல் மாதந்தோறும் வந்த குழந்தைகள் உதவித்தொகை டிசம்பரோடு நின்றது. சர்க்கார் கணக்கின்படி 2021-ல் 5.2 சதவீதமாக இருந்த குழந்தைகளின் வறுமை 2022-ல் 12.4 சதவீதமாயிற்று. 2022 ஆகஸ்டில் வேறொரு சட்டம் வந்தது. மருந்து விலைக்குக் கடிவாளமும் சுரங்கத் தொழிலாளர் நிதியும் அதில் இருந்தன. குழந்தைகள் உதவித்தொகையும் சம்பளத்துடன் விடுப்பும் இல்லை.

"பிடிவாதமாக நின்றிருந்தால் சாலையும் போயிருக்குமே?" என்று கேட்பார்கள். போயிருக்கலாம். எந்தப் போராட்டத்தில் வெற்றிக்கு உத்தரவாதம் உண்டு? ஆனால் கையில் பிடி இருக்கும்வரைதான் எதிராளி பேச வருவான்.

கூலியை அளக்குமுன் களத்து நெல்லை வண்டியேற்ற விடுவாரா விவசாயத் தொழிலாளி? வண்டி போன பிறகு மரக்காலைத் தேடிப் பயனில்லை. மெஜாரிட்டி எத்தனை என்று மட்டும் எண்ணாதீர்கள், தோழர்களே. அதற்குள் யார் யாருக்காக நிற்கிறார்கள் என்றும், முக்கியமான நேரத்தில் பிடி யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.