கன்றுக்கு 7 ரூபாய், சென்ட்டுக்கு லட்சங்கள்: அவனியாபுரத்தில் மரம் எப்படி ஜெயிக்கும்?

அவனியாபுரத்திலிருந்து விமான நிலையம் போகிற பக்கம் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வயலை நிரவி, கல் ஊன்றி, கலர் கொடி கட்டி, 'டிடிசிபி அப்ரூவ்டு' என்று போர்டு வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் தைப்பொங்கல் ஜல்லிக்கட்டு. உள்ளூரில், 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு, டீக்கடைப் பேச்சு முழுக்க சென்ட் என்ன விலை போகுது என்பதுதான்.

இந்த மண்ணில் நிலம் வைத்திருப்பவரிடமும் அரசு, "மரம் நடுங்க, ஊக்கத்தொகை தர்றோம்" என்கிறது. எவ்வளவு தெரியுமா?

வேளாண் துறை 2021-22-ல் ஆரம்பித்த 'நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம்' திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உழவன் செயலியில் பதிவு செய்தால் தேக்கு, மகாகனி, வேங்கை, செம்மரம் போன்ற கன்றுகள் இலவசம். வரப்பில் நடுவதற்கு ஏக்கருக்கு 50 கன்று, வயலுக்குள் இடைவெளி விட்டு நடுவதற்கு ஏக்கருக்கு 160 கன்று. பிழைத்து நிற்கிற ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டாம் வருஷத்திலிருந்து வருஷத்துக்கு 7 ரூபாய், மூன்று வருஷத்துக்கு.

கணக்குப் போடுவோம். 160 கன்றும் பிழைத்தால் வருஷத்துக்கு 1,120 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 3,360. வரப்பில் நட்டிருந்தால் மூன்று வருஷத்துக்கும் சேர்த்தே 1,050 ரூபாய். மதுரை வெயிலில் சித்திரை, வைகாசி தாண்டும்வரை கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, ஆடு கடிக்காமல் முள் அடைத்துப் பார்த்துக்கொள்ள இது எத்தனை நாள் கூலிக்குக் காணும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திட்டமே வீண் என்று சொல்ல வரவில்லை. இலவசக் கன்று பெரிய விஷயம். ஏற்கெனவே மரம் வைக்க நினைத்தவரை அது கொஞ்சம் தள்ளிவிடும். ஆனால் நிலத்தை என்ன செய்வது என்று இரண்டு மனதாக இருப்பவரின் முடிவை இந்த 7 ரூபாய் மாற்றாது. கிணறு வற்றி, ஆள் கிடைக்காமல், சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கும் தரிசில் மரம் வரும். பிளாட் போடக்கூடிய இடத்தில் வராது. சாலை நெருங்க நெருங்க ஊக்கத்தொகையின் பலம் குறைந்துகொண்டே போகிறது.

காசு கொடுத்தால் மரம் நிற்குமா என்ற கேள்விக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. உகாண்டாவில் 121 கிராமங்களை எடுத்து, அதில் 60 கிராமங்களில் மட்டும் காடு வைத்திருப்பவர்களுக்கு 'வெட்டாதீங்க' என்று இரண்டு வருஷம் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். சீமா ஜெயச்சந்திரன் குழுவின் ஆய்வு, 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பணம் கொடுக்காத கிராமங்களில் மரப்பரப்பு 9.1% குறைந்தது. கொடுத்த கிராமங்களில் 4.2%. பாதிக்கும் கீழே! அங்கே மரத்தை வெட்டினால் கிடைப்பது கொஞ்சம் கரி, கொஞ்சம் தடி, சின்னதாக ஒரு விவசாய நிலம். அந்த வருமானத்துக்கு ஈடுகொடுக்கிற அளவில் தொகை இருந்தது. அவனியாபுரத்தில் மரத்துக்கு எதிரே நிற்பது ரியல் எஸ்டேட்.

இன்னொன்றும் கவனியுங்கள். உகாண்டாவில் ஏற்கெனவே நிற்கிற மரத்துக்குப் பணம் கொடுத்தார்கள். இங்கே புதுசாக நடுகிற கன்றுக்குத்தான். தாத்தா காலத்திலிருந்து வரப்பில் நிற்கும் வேம்புக்கும் கிணற்றடிப் புளிக்கும் இந்த 7 ரூபாயில் பங்கு கிடையாது. பனைக்குக் கதையே வேறு. அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் பனையைக் காத்தவருக்குக் கட்டுப்பாடு, கன்று நடுகிறவருக்குக் காசு என்றால் கிராமத்தில் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள்?

'நட்டா நம்மளது, வளர்ந்தா யாருது?'

நிலக்காரர்களின் உண்மையான தயக்கம் இங்கேதான். சந்தனத்தைப் பாருங்கள். பட்டா நிலத்தில் வளர்க்கத் தடை இல்லை. ஆனால் 2008-ம் ஆண்டு விதிகளின்படி நீங்களே வெட்டி விற்க முடியாது. வனத்துறையிடம் போக வேண்டும், அவர்கள் விற்று, விலையில் 80% உங்களுக்குத் தருவார்கள். 80% நல்ல பங்குதான், மறுக்கவில்லை. ஆனாலும் அனுமதி, அளவெடுப்பு, அலைச்சல், நடுவில் திருட்டு பயம் என்று நினைக்கும்போதே பலருக்கு ஆசை விட்டுப்போகிறது. தானாக முளைத்த சந்தனக் கன்றைச் சின்னதிலேயே பிடுங்கிப் போட்டால் தொல்லை விட்டது என்கிற மனநிலை அப்படி வருவதுதான்.

இந்த பயத்துக்குப் பழைய வேர் ஒன்று நீலகிரி மாவட்டம் கூடலூரில் இருக்கிறது. அங்கிருந்து போன கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம், நிலம் யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்றது. காடுகளைக் காப்பாற்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதே நேரம், 'அடர்த்தியா மரம் வளர்த்தா நாளைக்கு இதையும் காடுன்னு சொல்லிடுவாங்களோ' என்ற சந்தேகத்தையும் அது விதைத்தது. 2023-ல் ஒன்றிய அரசு வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, இந்த அச்சத்தையும் காரணமாகச் சொன்னது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமோ, இறுதித் தீர்ப்பு வரும்வரை அந்த 1996 விளக்கமே தொடரும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. சட்டம் படித்தவருக்கே தலை சுற்றும்போது அடங்கல் நகலுக்கு அலைகிற விவசாயி என்ன முடிவுக்கு வருவார்?

இதில் ஒரு வேடிக்கை. 'காடு' என்ற சொல்லுக்கு விவசாயி பயப்படுகிறார். புள்ளிவிவரமோ அவருடைய தோப்பையும் ஆசையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அளவுகோலில் ஒரு ஹெக்டேருக்கு மேல், 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல் இருந்தால் அது வனப்பரப்பு. உரிமையாளர் யார் என்று பார்ப்பதில்லை. பசுமை தமிழ்நாடு இயக்கத்தின் 33% இலக்கும் தனியார் நிலத்தில் மரம் வளராமல் எட்டாது. 15-வது நிதிக்குழு மாநிலங்களுக்கு வரிப்பணத்தைப் பங்கிடும்போது காட்டுக்கு 10% மதிப்பு கொடுத்தது. அடர்ந்த காடு வைத்திருக்கும் மாநிலத்துக்கு அந்தப் பணம் வருகிறது. மரம் வைத்த மனிதருக்கு வருவது அந்த 7 ரூபாய்.

மரத்துக்கு அரசு நிஜ விலை போடுகிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2013 நில எடுப்புச் சட்டப்படி, எடுக்கப்படும் நிலத்தில் நிற்கும் மரங்களையும் மதிப்பிட்டு இழப்பீட்டில் சேர்க்க வேண்டும். விமான நிலைய விரிவாக்கத்துக்காக சின்ன உடைப்பு மக்கள் 2024 நவம்பரில் போராடியது நினைவிருக்கும். நிற்கும்போது 7 ரூபாய், வெட்டப்போகும்போது மதிப்பீட்டாளர் வருவார். இது தலைகீழாகப் படவில்லையா?

மதுரைக்கு அந்தப் பக்கம், மேலூர் அருகே அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேர் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குன்றுகளையும் சுனைகளையும் ஏரிகளையும் அந்த மக்கள் காத்தது ஊக்கத்தொகைக்காக இல்லை. அடுத்த இரண்டே வருஷத்தில் அந்தத் தலத்தையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தது. ஊர் ஊராகத் திரண்டு மதுரைக்கு நடந்து வந்த பிறகு, 2025 ஜனவரி 23-ல்தான் அது ரத்தானது. காத்தவர்களுக்குத் தேவைப்பட்டது, தங்கள் நிலம் தங்களிடமே இருக்கும் என்ற உறுதி.

என்னைக் கேட்டால், 7 ரூபாயை 20 ஆக்குவது இரண்டாவது வேலை. முதலில், திட்டத்தில் கொடுத்த மரத்தை வளர்ந்த பின் எந்தத் தாமதமும் இல்லாமல் வெட்டி விற்கலாம் என்று, கன்று கொடுக்கும் அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும். வயசான மரத்துக்கும் தொகை வேண்டும். அப்புறம், குத்தகைதாரர். பட்டா, சிட்டா கேட்கும் திட்டத்தில் வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவருக்கு இடமே இல்லை. அவர் மரம் நட்டால், நாளைக்கு உரிமை கேட்பாரோ என்று நிலக்காரரும் விடமாட்டார். தண்ணீர் ஊற்றப்போவது ஒருவர், 7 ரூபாய் வரப்போவது இன்னொருவர் கணக்குக்கு.

அந்த 'இன்னொருவர்' பல நேரம் இதை சென்னையிலோ பெங்களூரிலோ ஆபீஸ் கேபில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் நீங்களாகவும் இருக்கலாம். ஊரில் அப்பா பெயரில் ஒரு ரெண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது, 'மரமாவது வெச்சு விட்ருவோம்' என்று நினைப்பு இருந்தால், உழவன் செயலியைத் திறக்கும் முன் மூன்று விஷயம் விசாரியுங்கள். நீங்கள் கேட்கும் மரத்தை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் யார் அனுமதி வேண்டும்? பட்டாவில் இன்னும் யார் யார் பெயர் இருக்கிறது? முதல் இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றப்போகிறார், அவருக்கு நீங்கள் என்ன கொடுக்கப்போகிறீர்கள்?