ரயில் ஓடட்டும், நீ வாசி தம்பி!

ஊரப்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பான். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்யப் போகிறேன் என்றான். உடனே பெரிய மனுஷர்கள் கிளம்பிவிட்டார்கள். "தண்டவாளத்துப் பக்கத்துல வீட்டை வச்சுக்கிட்டு ரெக்கார்டிங்கா? ஒழுங்கா கோடம்பாக்கத்துல ஸ்டுடியோ எடுப்பா!"

கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள். மைக் வைத்துப் பாடினால் ரயில் சத்தம் விழும். எலெக்ட்ரிக் கிடாருக்கு ஏது சார் காது? கம்பி அதிர்வதைக் காந்தச் சுருள் மின்சாரமாக்கி ஒயரில் அனுப்புகிறது. அவ்வளவுதான். வெளியே பாண்டியன் எக்ஸ்பிரஸே போகட்டுமே!

1968-ல் 'ரெவல்யூஷன்' பாட்டுக்கு பீட்டில்ஸ் கிடாரை நேரே மிக்ஸரில்தான் சொருகினார்கள். அதுவும் லண்டனின் பெரிய ஸ்டுடியோவில். நம்ம ரஹ்மான் 1989-ல் ஸ்டுடியோ கட்டியதும் வீட்டுப் பின்கட்டில்தான்.

பி.காம். படித்தவன், கணக்கும் பார்த்துவிடுகிறேன். ஸ்டுடியோவில் தப்பாக வாசித்தாலும் மீட்டர் ஓடும். வீட்டில் நூறு தடவை தப்பு செய்யலாம். 'ஆடாசிட்டி' மென்பொருள் இலவசம். கிடார் சொருகும் வசதியுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்றுக்கு மட்டும் செலவு. அதில் கஞ்சத்தனம் கூடாது. கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் நேரே சொருகினால் சத்தம் சவசவ என்றிருக்கும்.

நிஜமான வில்லன் சுவரில் இருக்கிறான். 'ம்ம்ம்ம்' என்று அடியில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் உறுமல். எர்த் இல்லாத வீட்டில் அது விடாது. ஷாக் அடிக்கும் ஆபத்து வேறு. மூணு பின் பிளக்கில் தடித்த பின்னை முறித்துவிட்டு மாட்டுகிறோமே, அந்தப் புத்திசாலித்தனத்தின் பலன்!

பெரிய மனுஷர்கள் உபதேசத்துக்குப் பதில் ஒரு எலெக்ட்ரீஷியனை அனுப்பியிருக்கலாம்.