புது பிரேக்கையும் பழக்கித்தான் எடுக்க வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்களும் வாங்கப்போகிறவர்களும் கடைசி வரை படித்துவிடுங்கள்.

நம் பிள்ளைகள் சிலர் இப்போது வேகமான கார்கள் வைத்திருக்கிறார்கள். அச்சகம், தீப்பெட்டி, பட்டாசு என்று மூன்று தலைமுறை உழைத்த வீட்டில் பேரன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த பிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. நல்லது. ஆனால் படம் போடுகிறவர்கள் எல்லாம் எத்தனை குதிரைத்திறன், எத்தனை விநாடியில் நூறு என்றுதான் எழுதுகிறார்கள். நூறிலிருந்து பூஜ்யத்துக்கு எப்படி வருவது என்று யாரும் எழுதுவதில்லை.

என் கருத்து இதுதான். புது டிஸ்க்கும் புது பேடும் மாட்டிய கார், மாட்டிய அன்றைக்கு முழு பிரேக் உள்ள கார் அல்ல. அதைப் பழக்கி எடுக்க வேண்டும். எப்படி என்று சொல்லாமல் எந்த ஒர்க் ஷாப்பும் சாவியைக் கொடுக்கக் கூடாது. கேட்காமல் நீங்களும் வாங்கக் கூடாது.

உராய்வு என்ற சொல்லை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தொழிலே உராய்வுத் தொழில்தான். குச்சியின் தலை, பெட்டியின் பக்கத்து மருந்து, ஒரே இழுப்பு. அதே உராய்வு, பட்டாசு மருந்து கலக்கும் அறையில் எத்தனை குடும்பங்களின் விளக்கை அணைத்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். அளவாக, சீராக, வேண்டிய இடத்தில் இருந்தால்தான் உராய்வு நமக்கு வேலைக்காரன். பிரேக்கும் அப்படித்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 1500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறது. அரை எம் வி ஸ்கொயர் நினைவிருக்கிறதல்லவா? இயக்க ஆற்றல் ஏறக்குறைய 5 லட்சத்து 80 ஆயிரம் ஜூல். இந்த ஆற்றல் எங்கும் மாயமாகாது. பிரேக் பிடித்து நிறுத்தினால் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் சூடாக மாறும். 30 டிகிரியில் இருக்கும் 2 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான சூடு அது, ஒரே நிறுத்தத்தில், சில விநாடிகளில். 140இல் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை, சூடோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்தச் சூட்டைத் தாங்க டிஸ்க்கும் பேடும் முன்கூட்டியே தயாராகியிருக்க வேண்டும்.

வீட்டில் புது இரும்புத் தோசைக்கல் வாங்கினால் அன்றைக்கே தோசை வார்ப்பார்களா? எண்ணெய் தடவி, சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடி தடவி, நாலைந்து நாள் பழக்குவார்கள். பெரும்பாலான கார்களின் பிரேக் டிஸ்க்கும் வார்ப்பிரும்புதான். பேடிலிருந்து மிக மெல்லிய படலம் ஒன்று டிஸ்க்கின் முகம் முழுக்க ஒரே சீராகப் படிய வேண்டும். அதற்குப் பிறகுதான் முழுப் பிடிமானம் வரும். புதிதில் இரண்டு முகங்களும் சரியாகப் பொருந்தியிருக்காது. மேடான இடத்தில் மட்டும் தொடும், அங்கே மட்டும் சூடு ஏறும்.

இன்னொன்று, பேடில் உள்ள பொருட்களை ஒட்டிப் பிடித்திருப்பது ரெசின் என்ற பசை. முதன்முறை கடும் சூடு ஏறும்போது அதிலிருந்து வாயு கிளம்பும். அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே சிக்கினால் எவ்வளவு மிதித்தாலும் பிடி குறையும். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினால் அந்த வாயு ஆபத்தில்லாமல் போய்விடும். ஒரேயடியாகச் சூடேற்றினால் பேடின் முகம் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போகும்.

நன்றாகச் சூடேறிய பிறகு காரை நிறுத்தி, பெடலை மிதித்தபடியே நின்றால் பேடின் அச்சு ஒரே இடத்தில் டிஸ்க்கில் பதிந்துவிடும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெடல் துடிக்கும், ஸ்டீயரிங் நடுங்கும். "டிஸ்க் பெண்ட் ஆயிருச்சு" என்று புது டிஸ்க் வாங்க வைப்பார்கள். பல நேரம் டிஸ்க் வளைந்திருக்காது, படலம்தான் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும்.

இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி நம் ஊர் மெக்கானிக்குகள். "அண்ணாச்சி, ஓட்ட ஓட்ட செட் ஆயிரும்" என்பார்கள். பாதி உண்மை. நிதானமாக ஓட்டினால் சில நூறு கிலோமீட்டரில் தானாகவே படிந்துவிடும். ஆனால் படியும் வரை எப்படி ஓட்டுவது என்று சொல்வதில்லையே! பிரேக்கின் பிடி குறைந்து, விநாடிக்கு விநாடி குறையும் வேகம் 7.8 மீட்டரிலிருந்து 5.5 மீட்டராக இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100இலிருந்து நிற்கும் தூரம் 49 மீட்டரிலிருந்து 70 மீட்டர் ஆகிவிடும். கூடுதல் 21 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு பேருந்து நீளம். அந்த இடைவெளியில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது கட்சி வீடியோ பார்க்கும் இளைஞர்கள். "நூறுக்கு மேல போய் இருபதுக்கு இறக்கு, பத்துத் தடவை அடி" என்கிற முறை. இதுவும் தவறான முறை இல்லை. ஆனால் அது பந்தயத் தடத்துக்கு உரியது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைப் பக்கம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பின்னால் லாரி வராது, குறுக்கே யாரும் வரமாட்டார்கள். விருதுநகர் – சாத்தூர் நாலு வழிச்சாலை அப்படியா? ஆட்டு மந்தை கடக்கும், புல்லுக்கட்டோடு அக்கா கடப்பார், காலையும் மாலையும் ஆலைக்கு ஆள் ஏற்றும் வேன்கள் ஓடும். காரணமே தெரியாமல் முன்னால் போகும் கார் திடீரென்று பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவன் கதி என்ன? உங்கள் பிரேக்கைப் பழக்க அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

அப்படியானால் நம் ஊரில் எப்படிச் செய்வது?

1. கார் நகரும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து, கெட்டியாகிறதா என்று பாருங்கள். பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், முதல் மிதி தரை வரை போகும். என் தங்கை மகன் ஒருமுறை வேலை முடிந்த காரை வெளியே எடுத்தபோது அப்படித்தான் ஆயிற்று. வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சு. கை பிரேக்கை இழுத்ததால் ஒரு முழம் முன்னால் கார் நின்றது. பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

2. புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயைத் துடைத்தார்களா, வீல் நட்டு முறுக்கினார்களா என்று கேளுங்கள்.

3. ஞாயிறு விடியலில், ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்து, 60இலிருந்து 20 வரை மிதமாக மிதித்து இறக்குங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். ஒரு நிமிடம் ஓட்டி ஆறவிட்டு மறுபடி. பத்துத் தடவை போதும். ஏ.பி.எஸ். வேலை செய்யும் அளவுக்கு மிதிக்காதீர்கள்.

4. பிறகு கால் மணி நேரம் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். ஆறுவதற்குள் கை பிரேக் போட வேண்டாம். காய்ந்த புல் மேலும், பட்டாசுக் கடை, குடோன் வாசலிலும் சூடான டிஸ்க்கோடு நிறுத்தவே வேண்டாம்.

5. முதல் 300 கிலோமீட்டருக்கு முன் வண்டியோடு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். ஆனால் ஆபத்து என்றால் யோசிக்காமல் முழுதாக மிதியுங்கள். பேட் போனால் வேறு வாங்கலாம்.

6. உங்கள் காரின் கையேட்டில் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே சரி. கார்பன் செராமிக் டிஸ்க் என்றால் கட்டாயம் கையேட்டைப் பாருங்கள், அதற்கு வேறு கணக்கு.

பிரேக்கின் அருமை பந்தயக்காரர்களுக்குத் தெரியும். 1953இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் வென்றதில் டிஸ்க் பிரேக்குக்குப் பெரும் பங்கு உண்டு. மற்றவர்களைவிடத் தாமதமாகப் பிரேக் பிடித்தாலும் வளைவுக்குள் வேகத்தைக் குறைக்க முடிந்தது. நம் மாநிலமும் இதில் பின்தங்கியதல்ல. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது. நாட்டுக்கே பிரேக் செய்து கொடுக்கும் மாநிலத்தில், அதைப் பழக்கும் முறையை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க ஒர்க் ஷாப்புக்கு என்ன செலவாகும்? பில்லின் பின்பக்கம் ஐந்து வரி போதும். அரை மணி நேரம் தாங்களே ஓட்டிப் பழக்கிக் கொடுத்தால், அதற்குக் கூலி கேட்டாலும் நியாயம்தான். தயங்காமல் கொடுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் தம்பிகள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தச் சீட்டை முதலில் நீங்கள் அச்சடியுங்கள். சிவகாசியில் அச்சடிக்க இடமா இல்லை? சேர்க்க வேண்டியது, திருத்த வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்கள் அடுத்த முறை பேட் மாற்றியதும் சாவியை வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் பழக்கியாச்சா, இல்லை நான் பழக்கணுமா?"

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்