பழைய பீப்பாயின் பக்கம்

தமிழ்ச் சங்கத்து மலரில் மதுவைப் பற்றிக் கட்டுரையா என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்தவன்தான் நானும். குடித்தறியேன், குடிக்கச் சொல்லவும் வரவில்லை. ஆனால் யவனர் கொணர்ந்த தேறலை நக்கீரர் புறநானூற்றிலே பாடியிருக்கிறாரே! அரிக்கமேட்டு மண்ணிலிருந்து இத்தாலியச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்திருக்கின்றனவே! ரசாயனம் பயிலும் மாணவன் அந்நாட்டு மதுவைப் பற்றி நான்கு சொல் சொன்னால் குடிமுழுகிப் போகாது.

எங்கள் விடுதியில் ஒரு வாதம் அடிக்கடி எழும். பழைய முறை என்றாலே அறியாமை. விஞ்ஞானம் வந்தால் எல்லாம் விரைந்து முடியும் என்பார்கள் வடநாட்டு நண்பர்கள். நம் தமிழ் நண்பர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். இதை நான் மறுக்கிறேன். அதற்குச் சான்றாக ஒரு கிழவரை அழைக்கிறேன்.

வட இத்தாலியில், பீட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா நகரையொட்டிய குன்றுகளிடையே பரோலோ என்றொரு சிற்றூர். அவ்வூர்ப் பெயரையே தாங்கிய செம்மது உலகப் புகழ் பெற்றது. அங்கே பார்த்தோலோ மாஸ்கரெல்லோ என்பவர் தந்தை வழி வந்த சுமார் 5 ஹெக்டேர் தோட்டத்தை வைத்து வாழ்ந்தார். 2005இல் மறைந்தார். இன்று மகள் மரியா தெரேசா நடத்துகிறார்.

அந்த மதுவுக்குரிய திராட்சையின் பெயர் நெப்பியோலோ. நிறம் குறைவு, துவர்ப்போ மிக அதிகம். கடுக்காயை வாயிலிட்டால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதல்லவா? அதே இனத்துப் பொருள்தான் இதிலும் உண்டு, டானின் என்பர். உமிழ்நீரிலுள்ள புரதத்தை அது பற்றிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. இளம் பரோலோவைக் குடித்தவர் முகம் கோணுவது இதனாலேதான். ஆண்டுகள் செல்லச் செல்ல, சிறிதளவு பிராணவாயுவின் துணையால் டானின் மூலக்கூறுகள் தம்முள்ளும் நிறப்பொருளோடும் பிணைகின்றன. ஒரு பகுதி வண்டலாகப் படிகிறது. கடுமை தணிகிறது, செந்நிறம் செங்கல் நிறமாகிறது. இன்றுள்ள சட்டப்படியே 38 மாதம் கழியாமல் இம்மது கடைக்கு வரலாகாது. அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருந்தாக வேண்டும். நல்ல ஆண்டின் மது இருபது, முப்பது ஆண்டு தாங்கும்.

1980களில் இளைஞர் கூட்டம் ஒன்று இம்முறையை எதிர்த்தது. அவர்களை எள்ளி நகையாட நான் ஒருப்படேன். எலியோ அல்தாரே என்பவர் 1976இல் பிரான்சின் பர்கண்டிக்குச் சென்றார். அங்குள்ள உழவர் வளமாக வாழ்வதைக் கண்டு வந்தார். தம் ஊராரோ வறுமையில் உழன்றனர். 1983இல் தந்தையின் பழம் பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். தந்தை மகனை உயிலிலிருந்தே விலக்கிவிட்டார்! பழம் பீப்பாய்களில் பல அழுக்கேறிக் கிடந்தவை என்பதும் உண்மை. தூய்மையைக் கற்பித்த பெருமை இளைஞர்க்கே உரியது.

ஆனால் அழுக்கைக் கழுவப் பீப்பாயை ஏன் அறுக்க வேண்டும்? அவர்கள் கொணர்ந்தது பாரிக் எனும் 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய். முதியோர் ஆண்டதோ ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரும்பீப்பாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். வடிவம் ஒன்றே என்று கொண்டால், 4,500 லிட்டர்ப் பீப்பாயைவிடச் சிறு பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 2.7 மடங்கு மரப்பரப்பு படுகிறது. அம்மரமும் புதுமரம். மது விரைந்து இளகுகிறது, மெய்தான். கூடவே மரத்தின் வாசனை ஏறிப் பழத்தின் மணத்தை அமுக்குகிறது. தோலோடு ஊறவைக்கும் காலத்தையும் வாரக்கணக்கிலிருந்து நாட்கணக்காகக் குறைத்தார்கள். கிழவர் கைவிடாமல் காத்தது மூடப்பழக்கம் அன்று. அந்தப் பழத்தின் இயல்பு கேட்கும் காலம் அது. இங்கே ரசாயனம் கிழவர் பக்கம்தான் நிற்கிறது.

அவசரத்தின் மற்றொரு முகத்தையும் அதே பீட்மாண்ட் கண்டது. 1986இல் மலிவு மதுவில் மெதனால் கலந்து விற்றார்கள் சில பாவிகள். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், பலர் பார்வையிழந்தனர். பாரிக் இளைஞரை இதனோடு சேர்த்துப் பேசுவது அநியாயம், அவர்கள் நேர்மையாளர்கள். ஆயினும் அந்த ஆண்டுக்குப் பின், யார் கையால் ஆன மது என்று கேட்டு வாங்கும் வழக்கம் வலுத்தது.

மாஸ்கரெல்லோவும் வாயை மூடிக்கொண்டிருந்தவர் அல்லர். முதுமையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி புட்டிச் சீட்டுகளைத் தம் கையாலே வரைந்தார். 'பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று 1999ஆம் ஆண்டு மதுவின் சீட்டிலே எழுதிவிட்டார். அரசியலை இதில் இழுத்திருக்க வேண்டுமா என்றால், அவர் புட்டி, அவர் சீட்டு!

காத்திருத்தல் செல்வருக்கே இயலும், ஏழை உழவன் என் செய்வான் என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. இன்று பரோலோ ஏழைக்கு எட்டாத விலையில் நிற்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அன்று ரம்பம் பிடித்த அணியில் பலர் பிற்காலத்தில் புதுப் பீப்பாயைக் குறைத்துக்கொண்டனர். பெரும்பீப்பாய்க்குத் திரும்பியோரும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது கிழவரின் இன்னொரு பிடிவாதம். ஒவ்வொரு சரிவின் பழத்தையும் தனித்தனிப் புட்டியிலிட்டுத் தனிப்பெயர் சூட்டி விலையேற்றுவது புது வழக்கம். அவரோ கன்னூபி, சான் லொரென்சோ, ரூவே, ரோக்கே என்ற நான்கு சரிவுகளின் பழத்தையும் ஒன்றாகவே கலந்தார். மகளும் அப்படியே கலக்கிறார். ஒரு சரிவில் ஆலங்கட்டி மழை கொட்டினாலும் மற்ற மூன்று கைகொடுக்கும்.