கால் கடுக்குது

காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு பத்துக்குத்தான் கால் மடங்கும். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை, நிற்கிறேன். முழங்காலுக்குக் கீழே நரம்பு புழுவாகச் சுருண்டு நீலம் பாய்ந்து கிடக்கிறது. "நின்னு நின்னே வந்ததும்மா, அப்பப்ப உட்காருங்க" என்றார் டாக்டர். எங்கே உட்கார?

1947ஆம் வருஷக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் போராடி, கேரளத்தில் 2018இலேயே கிடைத்த உரிமை. செய்தி வந்த அன்று ஹாஸ்டல் அறையில் பதினான்கு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம்.

ஸ்டூல் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் மாடியில் முப்பது பேருக்கு நான்கு. அவற்றின் மேலும் அட்டைப்பெட்டி அடுக்கிவிட்டார்கள். போன ஆடித் தள்ளுபடியில், திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, பத்தொன்பது வயசு, தூர நாள் வலி பொறுக்காமல் பெட்டியை இறக்கி வைத்து உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும். கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் ஓடி வந்தார். "கஸ்டமர் நிக்காங்க, ஒனக்கு ஸ்டூல் கேக்குதோ?" சம்பளத்தில் இருநூறு ரூபாய் போச்சு. அழுகையை முழுங்கிக்கொண்டு அடுத்த புடவையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டினாள், சிரித்த முகமாக. முகம் வாடினால் அதற்கும் பிடிப்பார்கள்.

வேலை நேரம் எட்டு மணி என்று அதே சட்டம்தான் சொல்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் பத்தைத் தாண்டக் கூடாதாம். எங்களுக்குப் பன்னிரண்டரை. பாத்ரூம் போனால் நோட்டில் நேரம் எழுத வேண்டும். அதற்குப் பயந்தே தண்ணீர் குடிப்பதில்லை. பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. ராத்திரி வரிசையாகச் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கிறோம். யாராவது ஒருத்தி தூக்கத்தில் முனகிக்கொண்டே இருப்பாள். ஊரில் அம்மா போன் பண்ணினால் "நல்லாருக்கேம்மா" என்கிறோம்.

அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் முந்தின ராத்திரியே பெட்டிகளை இறக்கி, ஸ்டூல்களைத் துடைத்து வைக்கிறார்கள். ஐயா, சொல்லாமல் வாருங்கள். ஆடி மாச ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு வாருங்கள்.